கால் கொடுத்தாச்சு, பிறகு?

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பொய்க்கால் வழங்கும் நிகழ்வுகளுக்குக் குறைவில்லை. மேடை, பதாகை, மாலை, வரிசையாக நிற்க வைத்து ஒரு படம். அதே கால் அடுத்த வருஷம் அந்த வீட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடக்கும். பார்த்தவர்கள் "அவருக்கு நடக்க மனமில்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு அந்தக் காலை எடுத்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் காலிலேயே தெரியும். சொக்கெட், அதாவது எஞ்சிய கால் உள்ளே போகிற கிண்ணம், தொளதொள என்றிருக்கும், அதற்குள் மெத்தையாக இருக்கிற லைனர் சுருங்கியிருக்கும், பாதத்தின் றப்பர் வெடித்திருக்கும். திருத்திக் கொண்டுவர ஒரு நாள் கூலியையும் பஸ் காசையும் இழக்க வேண்டும் என்பதால் அப்படியே விட்டிருப்பார்கள்.

கிழக்கில் சண்டை ஓய்ந்தது 2007 இல், நாடு முழுக்க ஓய்ந்தது 2009 மே மாதம். மட்டக்களப்பு கண்ணிவெடி அற்ற மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டது 2017 இல். இருபது வயதில் காலை இழந்தவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் ஆகிறது. முன்னாள் போராளிகள், படையில் இருந்தவர்கள், எல்லைக் கிராமங்களில் ஊர்காவல் படையில் நின்றவர்கள் என்று எல்லாரும் இதற்குள் அடக்கம். படையினரின் நலனைப் பார்க்க 1999 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது. போராளியாக இருந்தவருக்கு அப்படித் தனிக் கதவு கிடையாது. பிரதேச செயலகத்தின் சமூக சேவைப் பிரிவில் மற்ற எல்லா மாற்றுத்திறனாளிகளோடும் சேர்ந்து வரிசையில் நிற்க வேண்டியதுதான். கடதாசியில் இந்த வித்தியாசம் பெரியது. சொக்கெட்டுக்குள் போகிற காலுக்கு இருக்கிற பிரச்சினை இரண்டு பேருக்கும் ஒன்றுதான், இந்தப் பதிவு அதைப் பற்றியது. முழங்காலுக்குக் கீழே இழந்தவர்களையே பெரும்பாலும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எஞ்சிய காலை வாசிக்கப் பழக வேண்டும். ஸ்டம்ப் என்று கிளினிக்கில் சொல்வது அதைத்தான். இங்கே பரவலாகப் பாவிக்கும் சொக்கெட்டில் பாரத்தின் முக்கிய பங்கு முழங்கால் சில்லுக்கு நேர் கீழே உள்ள தசைநாணில் இறங்கும். அந்த இடம் பாரம் தாங்கும். வெளிப்பக்கம் உருண்டையாகத் தட்டுப்படும் சின்ன எலும்புத் தலை, முன்னெலும்பின் கூர், அந்த எலும்பு வெட்டப்பட்ட நுனி ஆகிய மூன்றும் தாங்காது. காலைக் கழற்றியதும் எங்கே சிவந்திருக்கிறது என்று பாருங்கள். தசைநாணில் சிவந்து பத்து, பதினைந்து நிமிஷத்தில் மறைந்தால் கவலையில்லை. மற்ற மூன்று இடங்களில் சிவந்தாலோ, எந்த இடமாக இருந்தாலும் சிவப்பு அந்த நேரத்துக்குள் மறையாவிட்டாலோ, அன்றைக்கு அந்தக் காலை மறுபடி போடக்கூடாது. "கொஞ்சம் பொறுத்தால் பழகிவிடும்" என்று சொல்லி நடந்தே புண்ணாக்கிக்கொண்டவர்கள் அதிகம். எலும்புக்கு மேல் இருக்கிற தோல் தடித்துப் பழகாது, கிழியத்தான் செய்யும்.

எஞ்சிய கால் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் சற்று ஊதியிருக்கும், நடக்க நடக்க பின்னேரத்தில் வற்றும். அதற்காகத்தான் ஸ்டம்ப் சொக்ஸ் வெவ்வேறு தடிப்பில் வருகிறது: ஒரு ப்ளை, மூன்று ப்ளை, ஐந்து ப்ளை. இதைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீரும். கால் சொக்கெட்டுக்குள் அளவுக்கு மேல் இறங்கினால் முழங்கால் சில்லின் கீழ் விளிம்பு சிவக்கும், நுனி அடியில் முட்டி வலிக்கும், காலைத் தூக்கும்போது கழன்று இறங்குகிற மாதிரி ஆடும். அப்படியானால் ஒரு ப்ளை கூட்டுங்கள். கால் முழுதாக இறங்காமல் மேலேயே நின்றால் நுனி அந்தரத்தில் தொங்கும், பொய்க்கால் நீளமாகிவிட்ட மாதிரி இருக்கும். அப்படியானால் குறையுங்கள். வேலைக்குப் போகிறவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஒற்றை ப்ளை சொக்ஸ் வைத்திருப்பது நல்லது. மத்தியானம் நிழலில் இருந்து அதைப் போட்டுக்கொண்டால் பின்னேர நடை காப்பாற்றப்படும். கூட்டிக் கூட்டிப் பத்து ப்ளைக்கு மேல் போய்விட்டதென்றால் அது சொக்ஸால் சமாளிக்கிற விஷயமில்லை. புதுச் சொக்கெட்டுக்கு அளவெடுக்க வேண்டும்.

நுனி அடியில் சரியாகத் தொடுகிறதா என்று தெரிய ரொட்டிக்குக் குழைத்த மா போதும். நெல்லிக்காய் அளவு உருட்டி, மெல்லிய பொலித்தீனில் சுற்றி, சொக்கெட்டின் அடியில் போட்டுவிட்டு வழக்கம்போல் சொக்ஸோடு காலைப் போட்டு எழும்பி நில்லுங்கள். இரண்டு காலிலும் பாரம் கொடுத்து ஒரு நிமிஷம் நின்றுவிட்டு எடுத்துப் பார்த்தால், மா உருண்டையாகவே இருந்தால் கால் இறங்கவில்லை. கடதாசி போல முழுக்கச் சப்பையாகிவிட்டால் நுனியில் பாரம் விழுகிறது. ஓரளவு அமுங்கி, கொஞ்சம் தடிப்பு மிஞ்சியிருக்க வேண்டும். தொழில்நுட்பவியலாளர்கள் களிமண்ணில் செய்வது இதைத்தான்.

நுனி தொடாமல் தொங்குவதை அலட்சியம் செய்யக்கூடாது. மேலே இறுக்கம், கீழே வெற்றிடம் என்றால் இரத்தமும் நீரும் நுனியில் தேங்கும். மாதக்கணக்கில் போனால் நுனித் தோல் கறுத்து, தடித்து, பொக்குளம் பொக்குளமாக எழும்பி, நீர் கசியத் தொடங்கும். பலர் இதை "அழுக்குப் புண்" என்று நினைத்து மருந்துத் தூள் போடுகிறார்கள். தூளால் மாறாது. சொக்கெட்டின் அடியில் நுனி தொடும்படி நிரப்பினால் தோல் மெல்ல மெல்லப் பழையபடி வரும்.

சுத்தம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, எங்கள் புழுக்கத்தில் அதுதான் பாதி வேலை. கழுவுவது இரவில். காலையில் கழுவினால் ஈரத்தில் ஊறிய தோல் சொக்கெட்டில் ஒட்டி உரியும். சாதாரண சவர்க்காரம், நல்ல தண்ணீர், நன்றாகத் துடைத்துக் காற்றாட விடுதல், இவ்வளவுதான். டெட்டோல் ஊற்றிக் கழுவுவது, ஸ்பிரிட் பூசுவது எல்லாம் தோலைக் காயவைத்து வெடிக்கச் செய்யும். சொக்ஸை ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். மாரியில் துணி காயாது, ஆகவே ஆறு சொக்ஸாவது கையிருப்பில் வேண்டும். கிடைக்காதவர்கள் பழைய பனியன் துணியைக் குழாயாகத் தைத்துப் போடுகிறார்கள். போடலாம், ஆனால் தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும், நுனிக்கு நேராகத் தையல் வரவே கூடாது. சொக்கெட்டின் உட்பக்கத்தைச் சவர்க்காரத் தண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து வையுங்கள். உள்ளே இருக்கிற நுரை லைனரை வெந்நீரில் போடுவதும் கூரைத் தகரத்தில் வெயிலுக்குக் காயவைப்பதும் அதைச் சுருக்கிவிடும். சுருங்கின லைனர் விரியாது. நேற்று வரை பொருந்தின கால் இன்றைக்கு ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எங்க காயப்போட்டீங்க?"

அடுத்தது பாதம். ஜெய்ப்பூர் பாதம் 1968 இல் ஜெய்ப்பூரில், வைத்தியர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் சேர்ந்து உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்க, குந்த, சம்மணம் கொட்டி இருக்க, ஈரத்தில் இறங்க என்று எங்களைப் போன்றவர்களின் வாழ்க்கையைப் பார்த்துச் செய்தது. பாரம் கூட என்பதுதான் அதன் குறை. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் பொலிப்புறப்பலீன் காலோடு வரும் பாதம் வேறு மாதிரி. கணுக்கால் அசையாது, குதியில் மெத்தை இருக்கும். இலேசானது, நடை சீராக வரும், ஆனால் செருப்பையோ சப்பாத்தையோ நம்பித்தான் இருக்கிறது.

இந்த இரண்டாவது வகைப் பாதத்தில் எத்தனை பேர் தேவையில்லாமல் அவதிப்படுகிறார்கள் என்று சொல்லி மாளாது. அந்தப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்குப் பொருத்தித்தான் கால் நேராக்கப்படுகிறது. கிளினிக்கில் சப்பாத்தோடு நேர்பார்த்துவிட்டு வீட்டில் தட்டைச் செருப்பைப் போட்டால் கால் முழுக்கப் பின்னுக்குச் சாயும், முழங்கால் பின்பக்கமாக உதைக்கும், எப்போதும் மேட்டில் ஏறுகிற மாதிரி இருக்கும். மாறாகக் குதி உயர்ந்ததைப் போட்டால் முழங்கால் முன்னுக்கு மடிந்து விழுத்தும். தீர்வு ஐந்து நிமிஷ வேலை: தட்டைச் செருப்பின் குதியில், குறைகிற உயரத்துக்கு றப்பர் சீற் ஒன்றை வெட்டி ஒட்டிவிடுவது. செருப்புத் தைக்கிறவர் செய்து தருவார். எந்தச் செருப்பைத் தினமும் போடுவீர்களோ அதையே அளவுக்குக் கொண்டு போயிருந்தால் இதுவும் தேவைப்படாது.

நன்கொடையாக வருகிற பாதங்கள் பற்றி ஒரு எச்சரிக்கை. பொலியுரேத்தேன் நுரையில் செய்த பாதம் ஈரக் காற்றில் தானாகவே சிதையும். பெட்டி பிரிக்காமல் களஞ்சியத்தில் வருஷக்கணக்கில் இருந்தாலும் சிதையும். வெளியே புதிது போல இருக்கும், போட்டு நடந்த கொஞ்ச நாளில் குதி பொடியாக உதிரும். மொத்தமாக வாங்கி அடுக்குகிற அமைப்புகள் உற்பத்தித் திகதியைப் பார்க்க வேண்டும். பெருவிரலால் குதியை அமுக்கி, அமுங்கினது திரும்பி எழும்புகிறதா என்றும் பார்க்கலாம்.

நடக்கும்போது "டக் டக்" என்று சத்தம் வந்தால் பாதத்தின் போல்ற் தளர்ந்திருக்கும். அதை இறுக்குகிற எலன் கீயை (அறுகோணச் சாவி) கால் எடுக்கும் அன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தளர்ந்த போல்ற்றோடு நடந்தால் துளை அகன்று பாதமே வீணாகும்.

வயலும் வாவியும் தனிக் கதை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு குடும்பத்துக்குக் கால் கொடுத்துவிட்டு "சேற்றில் இறங்காதீங்க" என்று சொல்வதில் அர்த்தமில்லை. வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, போகாமல் அங்கே சீவியம் இல்லை. சேறு செய்வது இரண்டு காரியம். ஒன்று, பாதத்தைக் கவ்வி இழுத்து எஞ்சிய காலிலிருந்து பொய்க்காலையே உருவிவிடும். முழங்காலுக்கு மேல் சுற்றுகிற சாதாரண வார் வரம்பில் நடக்கக் காணும், நடவுக்குக் காணாது. இடுப்புப் பட்டியிலிருந்து முன்பக்கமாக இறங்கி வாரோடு கொளுவுகிற ஒரு இழுவைப் பட்டி வேண்டும். இரண்டாவது, மண் பாதத்துக்கும் குழாய்க்கும் இடையில் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றே கழுவாவிட்டால் அரைத்து அரைத்துத் தேய்க்கும்.

வழி இருக்கிறது. பழைய சொக்கெட்டை எறியாதீர்கள். உங்களுக்கு இன்னும் ஓரளவு பொருந்துகிற பழைய சொக்கெட்டில், பாதத்துக்குப் பதில் அகலமான றப்பர் அடித்தட்டு வைத்த நேர்க்கட்டையைப் பொருத்தித் தரும்படி பட்டறையில் கேளுங்கள். அதை வயலுக்கென்று வைத்துக்கொள்ளலாம். பார்க்க அழகில்லை, ஆனால் சேற்றில் பாதத்தை விட இலகுவாக உருவி எடுக்க வரும். கம்போடிய விவசாயிகள் சிலரும் இப்படிச் செய்வதுண்டு. நல்ல காலைக் கோயிலுக்கும் சந்தைக்கும் வைத்துக்கொண்டால் அது கூடிய காலம் வரும்.

வாவியில் தோணி வலிக்கிறவர்கள் காலைக் கழற்றித் தோணிக்குள் வைப்பதே பாதுகாப்பு. உள்ளே வெற்றிடமான கால் தண்ணீரில் மிதக்கும். கவிழ்ந்து விழுந்தால் அந்தக் கால் மேலே எழும்பப் பார்க்கும், தலை கீழே போகும். போட்டுக்கொண்டுதான் போக வேண்டுமென்றால் வார் ஒரே இழுப்பில் கழல வேண்டும், இறுக்கி முடிச்சுப் போட்டிருக்கக் கூடாது. கடல் தண்ணியோ வாவித் தண்ணியோ பட்டால் வீட்டுக்கு வந்ததும் கிணற்றுத் தண்ணியால் அலசி, போல்ற்றுக்கு ஒரு சொட்டு எண்ணெய்.

கிரச்சஸ் பற்றி இரண்டு வரி. நிமிர்ந்து நின்றால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும், அக்குளுக்கும் மேல் மெத்தைக்கும் இடையில் இரண்டு மூன்று விரல் போக வேண்டும். அக்குளில் தொங்கி நடந்தால் நரம்பு அமுங்கி மணிக்கட்டைத் தூக்க முடியாமல் தொங்கிவிடும். கீழே உள்ள றப்பரில் வளையங்கள் தேய்ந்து வழுவழுப்பானால், ஈரச் சீமெந்துத் தரைதான் உங்களுக்கு அடுத்த கண்ணிவெடி.

விழுவதும் பெரும்பாலும் இரவில்தான். தூக்கக் கலக்கத்தில் சலம் கழிக்க எழும்புகிறவர், இல்லாத காலை ஊன்றிவிடுவார். இருபது வருஷம் ஆனவரும் விழுவார், மூளை அந்தக் காலை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறது. கட்டிலை விட்டு இறங்கும் பக்கத்தில், கை படுகிற இடத்தில் பாரமான ஒரு கதிரையோ கிரச்சஸோ மறிப்பாக இருக்கட்டும். மலசலகூடத்தில் சுவரோடு ஜீ.ஐ. குழாயில் ஒரு கைபிடி, குந்த முடியாதவருக்கு இரும்புச் சட்டத்தில் கொமட் கதிரை. பிளாஸ்டிக் கதிரையில் ஓட்டை வெட்டி வைக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், நடுவில் வெட்டின கதிரை பாரம் தாங்காமல் பிளந்து ஆளைக் கிழிக்கும்.

மூளை கணக்கில் வைத்திருக்கிற அந்தக் கால் வலிக்கவும் செய்யும். இல்லாத பாதத்தில் எரிவு, விரல்கள் மடிந்து இறுகினது போல ஒரு நோவு. வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு, பைத்தியம் என்பார்களோ என்று பயந்து, வருஷக்கணக்கில் மறைக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது நரம்பும் மூளையும் சம்பந்தப்பட்ட உண்மையான வலி. பரசிற்றமோல் பெரிதாகக் கேட்காது. அமித்ரிப்ரிலின், கபாபென்ரின் போன்ற மருந்துகளை வைத்தியர் அளவு பார்த்துத்தான் தர வேண்டும். செலவில்லாத ஒரு முறை கண்ணாடி. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் ஆய்வாளர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990 களில் இதைக் கொண்டுவந்தார். அமெரிக்காவின் வோல்ற்றர் றீட் இராணுவ வைத்தியசாலையில் கால் இழந்த படையினரிடம் ஒரு நாளைக்கு 15 நிமிஷம், நான்கு வாரம் செய்து பார்த்ததில் வலி குறைந்ததாக 2007 இல் வெளியிட்டார்கள்.

செய்வது சுலபம். அலுமாரிக் கண்ணாடி போல நீளமான ஒன்றைப் படுக்கையில் இரண்டு காலுக்கும் நடுவில், நல்ல காலைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். எஞ்சிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். சற்றுச் சாய்ந்து கண்ணாடிக்குள் பார்த்தால் இரண்டு காலும் இருக்கிற மாதிரித் தெரியும். நல்ல பாதத்தை மெதுவாக மடக்கி, நீட்டி, விரல்களை விரித்துக்கொண்டே, இல்லாத பாதமும் அதையே செய்கிறது என்று முயலுங்கள். சுருண்டு கிடக்கிற விரல் விரிகிறது போல உணர்வு வந்தால் சரியான பாதை. முதல் நாட்களில் சிலருக்குத் தலை சுற்றும், அழுகையும் வரும். அப்போது ஐந்து நிமிஷத்தோடு நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். எல்லாருக்கும் கேட்காது. நான்கு வாரம் ஒழுங்காகச் செய்து பலனில்லை என்றால் விட்டுவிடலாம்.

ஒரே ஒரு புள்ளியில் தொட்டவுடன் கரண்ட் அடித்தாற்போல ஓடினால் அது வேறு. வெட்டின நரம்பின் நுனியில் முடிச்சு வளர்ந்திருக்கலாம். வெடிப்பில் போன காலில் எலும்பு தாறுமாறாக வளர்ந்தும் குத்தும். இரண்டுக்கும் வைத்தியர் பார்த்து எக்ஸ்றே, ஸ்கேன் எடுக்க வேண்டும்.

இங்கே எல்லாரும் கவனிக்க வேண்டிய ஒன்று: உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருக்கிறவர்கள், அதாவது "பீஸ்" இருக்கிறவர்கள், எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை உள்ளுக்குள் அசைக்கும். கண்ணுக்கும் முள்ளந்தண்டுக்கும் பக்கத்தில் இருந்தால் விபரீதம். "எப்படி வந்தது, எங்கே இருந்தீங்க" என்று கேள்வி வரும் என்ற பயத்தில் முன்னாள் போராளிகள் பலர் இதைச் சொல்வதில்லை. "சண்டைக் காலத்தில் செல் பட்டது, இரும்புத் துண்டு உள்ளே இருக்கு" என்றால் போதும், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. கூடப் போகிறவர் இதை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வைத்தால் நல்லது.

பெண் போராளிகளாக இருந்தவர்கள் புதுச் சொக்கெட்டுக்குப் போகாமல் இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அளவெடுப்பது ஆண் என்றால் தொடை வரை உடுப்பை ஒதுக்க வேண்டும். முழங்காலுக்கு மேலே இழந்தவர் என்றால் இன்னும் சங்கடம். பெண் தொழில்நுட்பவியலாளர் இருக்கிற நாளை முன்கூட்டியே கேட்டுப் போகலாம், அக்காவையோ தங்கச்சியையோ உள்ளே கூட்டிக்கொண்டு போக உரிமை இருக்கிறது. உதவி அமைப்புகள் வாகனம் பிடித்து எல்லாரையும் ஒரே நாளில் ஏற்றிப் போவதை விட, பெண்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்கினால் வருகிற எண்ணிக்கை தானாகக் கூடும்.

நல்ல காலையும் மறக்கக்கூடாது. இருபது வருஷமாக இரட்டிப்புப் பாரம் சுமந்த கால் அது. நாற்பது தாண்டினால் சீனி (நீரிழிவு), பிரஷர் பார்க்க வேண்டும். சீனி இருந்தால் ஒவ்வொரு இரவும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இங்கே இப்போது ஆஸ்பத்திரியில் கால் எடுக்கப்படுகிறவர்களில் சீனிக்காரர்கள் நிறையப் பேர். போரில் ஒன்று போனவருக்கு மற்றதும் போனால் சொக்ஸ் கணக்கெல்லாம் செல்லாது.

வாழ்வாதார உதவிக்கு வருவோம். நல்ல மனதோடு பிழையான பொருளைக் கொடுப்பது இங்கேதான் அதிகம். கால் இல்லாதவருக்கு மிதி தையல் மெசின். ஒரு கை மட்டும் உள்ளவருக்கு மண்வெட்டியும் தோட்ட உபகரணமும். மேய்ச்சலுக்குக் காடு வரை சாய்த்துக்கொண்டு போக வேண்டிய மாடு, நடக்க முடியாதவரின் முற்றத்தில். கொடுப்பதற்கு முன் ஒரு நாள் முழுக்க அந்த வேலையில் எத்தனை தரம் எழும்ப வேண்டும், எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எவ்வளவு பாரம் தூக்க வேண்டும், இரண்டு கையும் ஒரே நேரத்தில் தேவையா என்று அவரோடு இருந்து எண்ணிப் பாருங்கள். தையல் மெசின் என்றால் மோட்டார் பூட்டி, அதன் மிதியை நல்ல கால் பக்கம் மாற்றிக் கொடுங்கள். பெட்டிக்கடை என்றால் இருந்தபடியே எட்டுகிற தட்டு. ஆடு வளர்ப்பு என்றால் பரண் கொட்டிலும், இலைகுழை வெட்டிக் கொண்டுவர ஒரு ஆளும். ஆள் இல்லாத வீட்டில் ஆடு நிற்காது.

போக்குவரத்துக்கு எங்கள் தட்டை நிலத்தில் சைக்கிள் நல்ல சாமான். பொய்ப்பாதத்தை நுனியால் மிதிக்காமல் நடுப்பாதம் பெடலில் வரும்படி வைக்க வேண்டும், தேவைப்பட்டால் டியூப் துண்டால் இலேசான வளையம். மிதிக்கும்போது சொக்கெட்டின் பின் விளிம்பு முழங்கால் மடிப்பில் வெட்டினால் அந்த விளிம்பைத் தாழ்த்தி வழித்துத் தரச் சொல்லுங்கள். இது சின்ன வேலை, கேட்டால் செய்வார்கள், கேட்காததால்தான் பலர் சைக்கிளையே விட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் கியர் இடது காலிலும் பின் பிரேக் வலது காலிலும் இருப்பதால் எந்தக் கால் போனாலும் ஒரு சிக்கல். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். பக்கச் சில்லுகள் பூட்டினால் வண்டி வளைவில் சாயாது என்பதை நினைவில் வைத்து மெதுவாகத் திரும்ப வேண்டும், கிறவல் பாதையில் இன்னும் மெதுவாக.

கை இழந்தவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நானும் சுருக்கமாகத்தான் சொல்கிறேன். அழகுக்கான றப்பர்க் கை கலியாண வீட்டுக்கு உதவும், வேலைக்கு உதவாது. தோளசைவால் இழுபடும் கொளுக்கிக் கை வேலைக்கு உதவும், பார்க்கப் பிடிக்காமல் பலர் விட்டுவிடுவார்கள். இரண்டும் வேண்டாம் என்றால் ஒற்றைக் கைக்கு ஏற்ற மாதிரிச் சாமான்களை மாற்றுவதுதான் பிரயோசனம்: மேசையோடு இறுக்குகிற தேங்காய்த் திருவலை, வெங்காயத்தையும் மரவள்ளியையும் குத்தி நிறுத்த ஆணி அடித்த பலகை, பட்டனுக்குப் பதில் ஒட்டுப்பட்டி.

மனநிலை பற்றியும் சொல்ல வேண்டும். தூக்கமின்மை, திடீர்க் கோபம், குடி. இவை உள்ளவரிடம் "எப்படிக் கால் போச்சு?" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்பது உதவியில்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. பேச ஆள் இல்லாத நேரத்துக்கு அது சுவரில் எழுதி இருக்கட்டும்.

இனி, காசு வைத்திருக்கிற அமைப்புகளுக்கும் வெளிநாட்டில் இருந்து அனுப்புகிற உறவுகளுக்கும். ஒரு புதுக் கால் கொடுக்கிற காசில் ஒரு பங்கைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்குங்கள். பாதம், வார், லைனர், சொக்ஸ், போக்குவரத்துச் செலவு, அன்றைய கூலி இழப்பு. வாகரையிலிருந்தோ பொத்துவிலிருந்தோ ஒருவர் கிளினிக்குக்கு வந்து போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். அளவெடுக்க ஒரு தரம், பொருத்திப் பார்க்க ஒரு தரம், திருத்த ஒரு தரம் என்றால் மூன்று நாள் கூலி. அதைக் கொடுக்காமல் "கால் இலவசம்தானே" என்று சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு.

கிளினிக்குக்குப் போகிற நாளில் பழைய காலைப் போட்டுக்கொண்டே போங்கள், உடைந்திருந்தால் பையில் கொண்டு போங்கள். கழற்றியவுடன் தோலில் இருக்கிற அடையாளம் தொழில்நுட்பவியலாளருக்கு ஆயிரம் வார்த்தை. உங்கள் எல்லாச் சொக்ஸும், தினமும் போடும் செருப்பு, ஒரு கட்டைக் காற்சட்டை, கிளினிக் கொப்பி. சமூக சேவைப் பிரிவுக்கு விண்ணப்பிப்பதென்றால் கிராம சேவகர் கடிதமும் வைத்தியச் சான்றிதழும் முன்கூட்டியே எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு போட்டோப் பிரதி வீட்டில் வையுங்கள்.

புதுக் கால் பொருத்தினதும் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிடாதீர்கள். இருபது நிமிஷமாவது நடந்து, படி ஏறி இறங்கி, கதிரையில் இருந்து எழும்பி, வீட்டில் குந்துகிறவராக இருந்தால் அங்கேயே குந்திப் பாருங்கள். பிறகு கழற்றி, சிவந்த இடங்களை அவருக்குக் காட்டுங்கள். இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள், கால் கட்டையாக இருந்தால் நாரி நோவு நிச்சயம். முதல் நாள் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போடவேண்டாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரத்தில் முழு நாளுக்கு வந்தால் போதும். வரும்போது எலன் கீயும் மேலதிகச் சொக்ஸும் வாயைத் திறந்து கேளுங்கள். கேட்காவிட்டால் ஒன்றோ இரண்டோதான் கிடைக்கும்.